மலைக்கு ஒரு தாள், மனிதனுக்கு ஒரு தாள்

குமரி மாவட்டத்து மணக்குடிப் பொழிமுகத்துக்குப் பங்குனி, சித்திரையில் போனால் பழையாறு கடலைத் தொடாமல் மணல்திட்டுக்கு இந்தப் பக்கமே தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். மழை வலுத்து வெள்ளம் வந்தால் திட்டு உடைந்து ஆறும் கடலும் கலக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி புத்தளம், சாமிதோப்புப் பக்கம் உப்பளங்கள். கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி பெயர்த்துத் தூக்கிப் போட்டது. கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தேன். பழைய பாலம் இருந்த இடத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இது எந்தப் பேப்பர்ல வரும்?"

அவள் கேட்டதில் தவறே இல்லை. மணல்திட்டு புவிப்புறவியல் தாளில் வரும். அலை பேராழியியலில். உப்பளம் பொருளாதாரப் புவியியலில். ஊரும் பாலமும் குடியிருப்புப் புவியியலில். வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு ஆசிரியர்களிடம் துண்டு துண்டாகப் படிக்கப்போகிற ஒன்று அவள் கண்முன்னே முழுசாகக் கிடந்தது. இயற்கைப் புவியியல், மானிடப் புவியியல் என்று பல்கலைக்கழகம் வகுத்திருக்கும் இந்தப் பிரிவினை எப்படி வந்தது, அது தேவைதானா, நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்து புவியியல் படிக்கிறவர்களுக்கு அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கேள்வி பழையது. 1887-இல் இங்கிலாந்தில் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் புவியியலின் எல்லையும் முறையும் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். இயற்கை அறிவியலுக்கும் மனிதரைப் பற்றிய படிப்புக்கும் இடையே விழுந்துவரும் பள்ளத்தின் மேல் புவியியல் ஒரு பாலமாக நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். பிரான்சில் விதால் தெ லா பிளாஷும் அவருடைய மாணவர்களும் ஒவ்வொரு வட்டாரத்தையும் மண், நீர், பயிர், வீடு, பழக்கம் என்று சேர்த்தே எழுதினார்கள். இன்னொரு பக்கம், நிலம்தான் மனிதனை ஆக்குகிறது என்று அடித்துச் சொன்ன நிர்ணயவாதமும் வளர்ந்தது. அது சிலபோது இனவாதத்துக்குத் துணைபோனதால் மானிடப் புவியியலாளர்கள் நிலத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் நிலை வந்தது. 1950-களுக்குப் பின் எண்ணும் சூத்திரமும் புகுந்தன. இயற்கைப் புவியியல் ஆய்வகத்துக்கும் மானிடப் புவியியல் சமூகவியலுக்கும் பொருளியலுக்கும் நகர்ந்துவிட்டன. இன்று காலநிலை மாற்றம் இரண்டையும் ஒரே மேசைக்குத் திரும்ப இழுத்து வந்திருக்கிறது.

தமிழில் இந்தப் பிரிவினை தொடக்கத்தில் இல்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்குள்ள மரம், விலங்கு, உணவு, தொழில் போன்றவற்றைக் கருப்பொருள் என்றும், மனிதர் நடத்தையை உரிப்பொருள் என்றும் ஒரே அடுக்கில் வைத்தது. நான்கு திணையும் ஒரே மாவட்டத்தில் உண்டு என்று குமரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வோம். சுற்றுலா விளம்பரங்களிலும் அது வரும். ஆனால் நான்கும் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வதில் பாடம் இல்லை. குறிஞ்சியில் பெய்த மழை மருதத்தில் என்ன செய்கிறது, மருதத்தில் தடுத்த தண்ணீர் நெய்தலில் என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் திணை புவியியலாகும்.

தமிழ்நாட்டில் நவீனப் புவியியலுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1926-இல் சென்னைப் புவியியல் சங்கம் தொடங்கியது. அதன் இதழ்தான் பிறகு இந்தியப் புவியியல் இதழ் ஆயிற்று. மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி என்று சில இடங்களில் துறைகள் நிலைபெற்றன. 1960-இல் தமிழ்வழிப் பட்டப்படிப்புச் சோதனை கோவையில் தொடங்கிய பிறகு கல்லூரிப் பாடநூல்களும் தமிழில் வந்தன. ஆனாலும் மாநிலம் முழுக்கப் பார்த்தால் புவியியல் துறை இல்லாத கல்லூரிகளே மிகுதி. பிளஸ் டூவில் விரும்பிப் படித்த பிள்ளை பட்டப்படிப்பில் வேறு பாடத்துக்குப் போய்விட்டு, போட்டித் தேர்வுக்காக மறுபடி புவியியல் கையேட்டைத் தூக்கும் நிலைமை நம் ஊரில் சர்வசாதாரணம். அந்தக் கையேட்டில் மலையின் உயரம் இருக்கும், ஆற்றின் நீளம் இருக்கும். ஆறு ஏன் அந்தப் பக்கம் திரும்பிற்று என்பது இருக்காது.

இலங்கைத் தமிழர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அங்கே உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் தமிழில் புவியியல் கற்பிக்கிறார்கள். பௌதிகப் புவியியல், மானிடப் புவியியல் என்ற சொற்கள் யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்கள் எழுதிய க. குணராசா பேராதனையில் புவியியல் படித்தவர். தமிழில் புவியியல் பாடநூல்கள் பல எழுதினார். கதை எழுதுகிறவரே நிலப்படமும் பாடநூலும் எழுதியதால் அந்த மொழிக்கு ஓர் ஓட்டம் கிடைத்தது.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். முதலில் ஒரு திருத்தம். மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தாம் நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் வேறு மண், வேறு வீட்டமைப்பு, வேறு பேச்சு. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இந்த நான்கு தாலுகாவும் சேர்ந்துதான் கன்னியாகுமரி மாவட்டம் ஆயிற்று.

நாஞ்சில் நாட்டு நெல் எந்த மழையில் விளைகிறது? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும் மாவட்டம் என்று பாடநூல் சொல்லும். சரிதான். ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழைதான். மேற்கிலும் வடமேற்கிலும் போகப் போக அது கூடி 1,400-ஐத் தாண்டுகிறது. மலை இடைவெளியில் ஒடுங்கிப் பாயும் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் வேகமெடுத்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அந்தப் பக்கத்து நிலம் மழையில் ஏழை. அங்கே இரண்டு போகம் நெல் விளைந்தது தன் மழையால் மட்டும் நடந்ததில்லை.

பறளியாறு இயல்பாக மேற்கே போய்க் கோதையாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழ வேண்டிய ஆறு. அதன் தண்ணீரைக் கிழக்கே திருப்பிப் பழையாற்றில் விட்டார்கள். அந்த வெட்டுக்குப் பாண்டியன் கால் என்று பெயர். பாண்டிய மன்னன் வெட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஓர் ஆற்றுப் படுகையின் நீரை மனிதர் கையால் அடுத்த படுகைக்கு மாற்றிய வேலை அது. பிறகு மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்த பேச்சிப்பாறை அணை வந்தது. பொறியாளர் மிஞ்சினை ஊர்மக்கள் மூக்கன் துரை என்றார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணை, அதற்குப் பின் சிற்றாறு அணைகள். புத்தன் அணையிலிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு, அனந்தனாறு, தோவாளைச் சானல் என்று கால்கள் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வருகின்றன. குமரிக்காரர் யாரும் கால்வாய் என்று சொல்ல மாட்டார்கள், சானல்தான். சானலில் தண்ணீர் விட்டாச்சா என்பதுதான் கேள்வி.

பயிருக்குப் பெயர் வந்ததைப் பாருங்கள். கன்னி மாதம் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதம் அறுப்பது கும்பப்பூ. இரண்டும் கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்கள், திருவிதாங்கூர் ஆட்சியின் மிச்சம். பருவமழை என்ற இயற்கையும் ராஜ்ஜியம் என்ற வரலாறும் ஒரு நெல்லின் பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. இதைக் காலநிலையியலுக்கு ஒரு பாதி, வரலாற்றுப் புவியியலுக்கு ஒரு பாதி என்று எப்படி வெட்டுவது?

தண்ணீர் இங்கே எல்லைப் பிரச்சினையும் கூட. நெய்யாறு இடதுகரைச் சானலில் விளவங்கோடு தாலுகாவின் 9,200 ஏக்கருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியது. இந்தப் பக்கம், கோதையாற்றுத் தண்ணீர் தங்களுக்கும் வேண்டும் என்று நெல்லை மாவட்டத்து ராதாபுரம் உழவர்கள் கேட்கிறார்கள். ஒருபுறம் கேட்கும் கையாகவும் மறுபுறம் கொடுக்கும் கையாகவும் ஒரே மாவட்டம் நிற்கிறது. 1956-இல் கோடு போட்டவர்கள் பேச்சுமொழியைப் பார்த்துப் போட்டார்கள். ஆறு மொழி பார்த்து ஓடுவதில்லை. ஆற்றுப் படுகை, மாநில எல்லை என்ற இரண்டு நிலப்படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தெரியாத மாணவனுக்கு இந்த வழக்கு கடைசிவரை புரியாது.

ஊர்களின் அமைப்பும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. அதில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம். சென்னைக்கு அடுத்த இடம்! அந்த எண்ணை மட்டும் பார்த்தவர் நேரில் வந்தால் திகைப்பார். பேரூராட்சி என்று பலகை இருக்கும், சுற்றி வாழையும் தென்னையும் ரப்பரும் நிற்கும். கல்குளம், விளவங்கோட்டில் வீடுகள் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தன் விளையில், தன் கிணற்றோடு இருக்கின்றன. மேடும் பள்ளமுமான செம்மண் நிலம் அது. எங்கே தோண்டினாலும் தண்ணீர் கிடைத்ததால் சிதறி வாழ முடிந்தது. தோவாளைப் பக்கம் போனால் வயல்பரப்பின் ஓரமாக, குளத்தை ஒட்டி, கோயிலைச் சுற்றி வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். சானல் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட வேண்டிய ஊர் சேர்ந்துதான் இருக்க முடியும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லாவற்றையும் மண்ணும் நீருமே முடிவுசெய்தன என்று எழுதிவிட்டால் பழைய நிர்ணயவாதத்தில் போய் விழுவோம். சாதியும் நிலவுடைமையும் அந்தத் தெருக்களை வகுத்தன. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் சொத்து மருமகனுக்குப் போகும் வழக்கம் இருந்தது. கவிமணி அதைப் பழித்துத் தனி நூலே எழுதினார். 1926-இல் சட்டம் வந்து வழக்கம் மாறியது. அந்த மாற்றம் வயல்களையும் வரப்புகளையும் எப்படித் துண்டாக்கியது என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி.

கடற்கரைக்குப் போனால் பிரிவினை இன்னும் பொருந்தாமல் போகிறது. ஏறத்தாழ 70 கி.மீ. நீளக் கரை, 40-க்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். மணவாளக்குறிச்சிக் கரையில் கையால் நான்கு விரற்கடை தோண்டினாலே கறுப்பும் வெளிறலும் செம்மையுமாக மணல் அடுக்கடுக்காகத் தெரியும். கறுப்பு இல்மனைட், செம்மை கார்னெட், இடையிடையே மஞ்சள் கலந்த பழுப்பில் மோனசைட். மலைப்பாறை சிதைந்து, ஆறு சுமந்து, அலை சலித்து வைத்த கனிமம் இது. 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். தேங்காய்நார் முறுக்கிய கைகள் இல்லாவிட்டால் இந்தக் கரையின் மோனசைட் உலகத்துக்கு அப்போது தெரிந்திருக்காது. மண்ணும் தொழிலும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் உதாரணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுனாமியை எடுத்துக்கொள்வோம். அலை கிளம்பியது கிழக்கே, சுமத்திராவில். குளச்சலும் கொட்டில்பாடும் மேற்குக் கரையில் இருக்கின்றன. ஆனாலும் மாவட்டத்தில் மிகக் கொடிய சாவுகள் அங்கேதான். இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றி அலை வளைந்து வந்ததை இயற்கைப் புவியியல் விளக்கும். ஆனால் கொட்டில்பாட்டில் ஓடியவர்கள் ஏன் தப்ப முடியவில்லை? ஊருக்குப் பின்னால் ஏவிஎம் கால்வாய் கிடந்தது. பூவாறிலிருந்து இந்தப் பக்கம் படகுப் போக்குவரத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் வெட்டத் தொடங்கி, முழுமையடையாமல் விட்ட கால்வாய் அது. முன்னால் கடல், பின்னால் கால்வாய். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். அலையின் இயற்பியலை மட்டும் படித்தவருக்கும், கால்வாயின் வரலாற்றை மட்டும் படித்தவருக்கும் இந்தச் சாவுகள் பாதிதான் விளங்கும்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல். குமரிக்குத் தெற்கே மிக வேகமாக வலுத்தது. தூத்தூரிலிருந்து நீரோடி வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் நாட்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிப்பவை. எச்சரிக்கை வந்தபோது அவை கரையின் கம்பியில்லாத் தொடர்புக்கு அப்பால் இருந்தன. வானிலைக் கணிப்பு, தொலைத்தொடர்பு, மீன்பிடி முறை, அவர்களை அவ்வளவு தூரம் போகச் செய்த சந்தை என்று எல்லாம் சேர்ந்த பேரிடர் அது.

அதே கடலில் மீனவர் சொல்லே அறிவியல் ஆனதும் உண்டு. கள்ளக்கடல் என்பார்கள். கரையில் காற்று இருக்காது, வானம் தெளிந்திருக்கும், திடீரென்று கடல் ஏறும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயலின் அலை அது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 2012-இல் யுனெஸ்கோ கள்ளக்கடல் என்ற அந்தச் சொல்லையே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6-இல் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகளுக்குக் கடற்கரை ஊர்க்காரர் வாயில் சாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அந்தக் கரையின் பெயர் லெமூரியாவை நினைவூட்டுகிறது. குமரியில் புவியியல் கற்பிப்பவர் இதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. லெமூர் விலங்குகள் பரவியதை விளக்க, கடலில் முழுகிய ஒரு கண்டம் இருந்தது என்று 1864-இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் சொன்ன ஊகம் அது. தட்டுப் புவியோட்டுக் கோட்பாடு வந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. அதே நேரத்தில், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது என்பதும், குமரிக்குத் தெற்கே இன்று மீன்வளம் மிக்க மேடையாகக் கிடக்கும் வெட்ஜ் பேங்க் போன்ற பகுதிகளில் பெரும்பாலானவை அப்போது தரையாக இருந்திருக்கும் என்பதும் சரியான புவியியல். கண்டம் முழுகியது என்பதையும் கரை பின்வாங்கியது என்பதையும் பிரித்துச் சொல்லக்கூடிய ஆசிரியர், மாணவரின் பற்றையும் காப்பாற்றுவார், உண்மையையும் காப்பாற்றுவார்.

நிலப்படம் பற்றியும் சொல்ல வேண்டும். லாம்டன் தொடங்கிய இந்தியப் பெரு முக்கோண அளவையின் தீர்க்கரேகை வில் குமரிமுனைக்கு அருகில் தொடங்கி இமயமலை அடிவாரம் வரை போயிற்று. அதே முக்கோணக் கணக்கைக் கரையோர மீனவர் படகில் நின்று போடுகிறார். ஒரு மலையுச்சியை ஒரு கோபுரத்தோடும், இன்னொரு பக்கம் ஒரு தோப்பை ஒரு குன்றோடும் நேர்படுத்தி, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடித்துத் தூண்டில் இறக்குகிறார். கணிச்சம் என்று இதைச் சொல்வதுண்டு. ஒன்றைப் பாடத்தில் வைத்தோம், மற்றதை வைக்கவில்லை. நிலப்படமோ நெடுங்காலம் மாணவர் கைக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. கடற்கரையிலிருந்து ஐம்பது மைலுக்குள் அடங்கும் பகுதிகளின் விரிவான படங்கள் தடைப்பட்ட பட்டியலில் இருந்தன. குமரி மாவட்டம் முழுவதுமே அந்த ஐம்பது மைலுக்குள் அடங்கிவிடும். 2021 பிப்ரவரியில் விதிகள் தளர்ந்தன. இஸ்ரோவின் புவன் தளத்தை இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். படம் கிடைக்கவில்லை என்ற சாக்கு இனி யாருக்கும் இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது: தனித்தனித் தாள்கள் இருக்கட்டும். பாறையின் வேதியியலையும் மக்கள்தொகைக் கணக்கையும் ஒரே முறையில் படிக்க முடியாது, அவற்றுக்குத் தனித் திறமைகள் வேண்டும். ஆனால் தாள்களுக்குப் போகும் முன்பே மாணவர் ஓர் ஆற்றை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். களப்பணி என்ற பெயரில் மூன்றாமாண்டு முடிவில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பேருந்தில் போய் வந்து, பழைய ஏட்டைப் பார்த்து அறிக்கை எழுதும் வழக்கம் இந்தப் பாடத்துக்குச் செய்யும் துரோகம். கொண்டல், கச்சான், வாடை, நீவாடு, பொழிமுகம், மறுகால் என்று காற்றுக்கும் நீருக்கும் ஊர்மக்கள் வைத்த சொற்கள் பாடத்தின் உள்ளே வர வேண்டும். அவற்றை அப்படியே புகழ்ந்து நிறுத்தாமல் அளவெடுத்துச் சோதிக்கவும் வேண்டும். ஒக்கிக்குப் பிறகு மரபறிவு மட்டும் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது.

பழையாறு சுருளோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடிவரை 40 கி.மீ. கூட இல்லை. இடையிலுள்ள சுசீந்திரம்–தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரி ஆசிரியர்களுக்கு, எந்தத் துறையாக இருந்தாலும், ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வகுப்பை இந்த ஆற்றோரமாக அழைத்துப் போங்கள். எப்போதும் அதே ஐந்து இடங்களில் நீர்மட்டத்தையும், எந்த வயலில் நெல், எந்த வயலில் வாழை, எந்த வயலில் வீட்டுமனைக் கல் என்பதையும், பொழிமுகம் திறந்த தேதியையும், மூடிய தேதியையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். வருகிற இடவப்பாதிப் பருவமழைக்கு முன் தொடங்கினால் இந்தக் கன்னிப்பூவிலிருந்தே கணக்கு இருக்கும்.